பொதுச்சுவர்

ஒரு நகரத்தின் பழைய தெருவில் மஞ்சள் வீடும் பச்சை வீடும் நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நின்றன. பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து ஆவணப்படுத்தும் மெஹர் என்ற பெண் அங்கே வந்தாள். பச்சை வீட்டு முற்றத்தின் தேக்குத் தூண்களைத் தடவித் தடவிப் படமெடுத்தாள். மறுநாளும் வந்தாள். மஞ்சள் வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“இன்னைக்கு என் வாசற்படியையும் அளந்தாங்க அக்கா,” என்றது பச்சை வீடு.

மஞ்சள் வீட்டுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டின் அழகு கெட்டால் போதும் என்று, தன்மேல் பெய்த மழையையெல்லாம் நடுச்சுவருக்குள் இறக்கியது. காரை பெயர்ந்து, சுவர் விரிசல் விட்டது. இரண்டு கூரைகளும் ஆட்டம் கண்டன.

மெஹர் பதறிப்போய் ஆட்களைக் கூட்டிவந்து முட்டுக்கொடுத்தாள். பிறகு விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரே மர உத்தரம் இரண்டு வீட்டுக்கும் நீளமாக ஓடியது.

“ரெண்டும் ஒரே வீடுதான். பாகம் பிரிச்சப்போ நடுவுல சுவர் வெச்சிருக்காங்க,” என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வரைந்தாள்.

“அக்கா, நாம ஒண்ணாப் பிறந்தவங்களாம்,” என்று நெகிழ்ந்தது பச்சை வீடு.

மஞ்சள் வீடு அந்தப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

“அப்படின்னா, முற்றம் மட்டும் எப்படி உன் பக்கம் போச்சு?” என்று கேட்டது.