முப்பது நாளும் சாகாத மீன்

"உண்மையைச் சொல்லும் பெற்றிசியா, தொட்டிக்குள்ள பாதரசம் விட்டனீரோ இல்லையோ?"

போனில் பேராசிரியர் சீறினார்.

"சத்தியமா விட்டனான் சேர்."

"அப்ப நஞ்சுத் தண்ணியில முப்பது நாள் கிடந்த மீனின்ர ஈரலும், நல்ல தண்ணி மீனின்ர ஈரலும் எப்பிடி ஒரே மாதிரி இருக்கும்? ஈரல் நொதியத்தில ஒரு மாற்றமும் இல்லை. நீர் அனுப்பின ஈரலை அளந்தது நான். கள்ள ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வைக்க மாட்டன்."

பல்கலைக்கழகம் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்ததால்தான் மீன் தொட்டிகளைத் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் தன் வீட்டுக் கொட்டிலில் வைத்திருந்தாள். கொட்டில் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது அப்பாவிடம்.

அப்பா யாகப்பர் கடல்காரன். குளத்து மீன் என்றாலே மூக்கைச் சுளிப்பார். "என்ர பிள்ளை சேத்து மீன் படிக்குது" என்று ஊரெல்லாம் பகிடி விட்டவர்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"தொட்டித் தண்ணியை மாத்தினனீங்களோ?"

"அந்த நஞ்சைத் தொட எனக்கென்ன விசரே?"

"பொய்! என்ர படிப்பு உங்களுக்குப் பகிடி. இப்ப நான் கள்ளியாம். சந்தோசமோ?"

யாகப்பரின் கை நின்றது.

"கள்ளியோ? ஆர் சொன்னது?"

"சேர்தான். மீன் ஒண்டும் பழுதாகேல்லையாம்."

"அது நல்லதுதானே பிள்ளை?"

"ஐயோ அப்பா! சாகாமல் ஈரல் பழுதாகினால்தானே பாதரசம் என்ன செய்யுதெண்டு தெரியும். அதுதானே ஆராய்ச்சி!"

அவர் முகம் செத்துப்போனது.

"முந்தி ரெண்டு மீன் செத்ததுக்கு கொட்டிலுக்குள்ள இருந்து அழுதனி. இன்னும் ஒண்டு செத்தால் படிப்பே போச்செண்டனி. அதுதான்... கடலுக்கெண்டு சொல்லிப்போட்டு, விடிய முன்னம் தாம்போதிப் பாலம் கடந்து குளத்துக்குப் போனனான். தொட்டியில சோர்ந்ததையெல்லாம் குழி வெட்டித் தாட்டுப்போட்டு, அதே அளவு, அதே நிறம் பாத்துத்தான் பிடிச்சு விட்டனான் பிள்ளை."

பெற்றிசியா போனை எடுத்தாள்.

"சேர், மீன் மாறினது உண்மைதான். இன்னொரு முப்பது நாள் தாங்கோ. முதலில இருந்து செய்யிறன்."

"ஆரின்ர பிழை?"

குனிந்த தலையோடு இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"என்ர பிழைதான் சேர். என்ன படிக்கிறனெண்டு நான் வீட்டில ஒருநாளும் சொல்லேல்லை."