ஓட்டுபவர் எடை

கடையிலேயே விலை கூடிய மலை சைக்கிளைத்தான் என் கணவர் காட்டினார். முன்னாலும் பின்னாலும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வைத்தது.

"சார், உங்க உயரத்துக்கு இது சின்னதாச்சே?" என்றார் மெக்கானிக்.

"எனக்கு இதான் வேணும்."

பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை. ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்கத்தானே கூட்டி வந்தேன்!

"ஓட்டுறவங்க எடைக்குத் தகுந்த மாதிரி ஷாக்குல காத்து அடிக்கணும். என்ன எடை?"

"எழுபத்தஞ்சு" என்று முந்திக்கொண்டேன். மெக்கானிக் என் கணவரின் தொளதொள சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"காய்ச்சல்ல இளைச்சுட்டாரு. சீக்கிரம் தேறிடுவாரு."

அவர் சிரித்தார். மெக்கானிக்கின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மெக்கானிக் காற்றடித்து, சீட்டையும் இறக்கினார். "ஏறிப் பாருங்கம்மா."

"நானா?"

"உங்க எடையைத்தான் சொன்னாரு. சேர்ந்து போன மலைப்பாதையில இனிமே நீங்க தனியாத்தான் போகணுமாம். உங்க பழைய வண்டி ரொம்பக் குலுக்குமாமே."

ஏறினேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

டாக்டர் கைவிரித்ததை நான் இவரிடம் மூச்சு விடவே இல்லையே!

வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கால் எட்டுதா?"