கால் கிலோ இறால்

"மஞ்சத்தலையன் வெளிய வந்தானா அத்தா?"

"வந்தாம்லே. இப்பதான் தலையை நீட்டுனான். போனைக் கண்டதும் உள்ள இழுத்துக்கிட்டான். வெக்கம் பிடிச்ச பய."

ஹுமாயூன் கைப்பேசியைக் கண்ணாடித் தொட்டியின் பக்கம் திருப்பினார். உள்ளே அரையடி ஆழத்துக்கு மணல், மணலில் ஒரு குழி, குழி வாசலில் ஏழெட்டுச் சிப்பிகள். மணலைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டு பாதி நேரம் அதற்குள்ளேயே கிடக்கும் கடல் மீன்தான் மஞ்சத்தலையன். மகன் தௌசிப் போன லீவில் வந்தபோது ஆசையாக வாங்கி, அத்தாவின் தலையில் கட்டிவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் விசாரிப்பான்.

"இறாலை என்ன அளவுல நறுக்குனீங்க?"

"அரிசி அளவுலதான். மோட்டாரை நிப்பாட்டிட்டு, நீட்டுக் குழாயால குழி வாசல்லயே விடணும். ஒரு நாளைக்கு மூணு வேளை. எல்லாம் எனக்கு மனப்பாடம்லே."

"மூடி? துள்ளி வெளிய விழுந்துருவான்."

"போட்டாச்சு."

"தண்ணி வத்துனாலும் உப்பு உள்ளயேதான் கிடக்கும். கேன்ல வார நல்ல தண்ணிதான ஊத்துதீங்க?"

ஹுமாயூனுக்கு இருமல் வந்தது. "கேன் தண்ணிதான், கேன் தண்ணிதான்."

"இறால் எவ்வளவு வாங்குனீங்க?"

"கால் கிலோ. அதுக்குக் கொறச்சுக் கேட்டா மீன்காரி பேச்சித்தாய் என்னை அடிக்க வாரா."

"நடந்தா போனீங்க?"

"பின்ன, மார்க்கெட்டுக்கு எனக்குன்னு பஸ்ஸா விட்டிருக்கான்?"

"மிச்ச இறாலை என்ன செஞ்சீங்க?"

"குழம்பு வச்சிட்டேன். வீணாவா போடுவேன்?"

தௌசிப் சிரித்தான். "அங்க பாருங்க அத்தா, வாசல்ல சிப்பியெல்லாம் மாத்தி அடுக்கியிருக்கான்!"

"அவனுக்கு வேற என்னலே சோலி?"

"கெட்டிக்காரன் அத்தா!"

நாற்பது வருஷம் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்தி ஊரிடமெல்லாம் வாயாடிய ஹுமாயூனுக்கு, பெற்ற மகனிடம் மட்டும் பேச வராது. அவனும் அப்படியே வார்த்துவைத்த பிள்ளை. மனைவி ரசூல் பீவி இருந்தவரை அவன் போன் செய்தால் அவளிடம்தான் பேசுவான். "அத்தாகிட்ட குடுக்கவா?" என்று அவள் கேட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும்.

அவள் மௌத்தாகி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளினார். மகனோடு பேச்சு, 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்' என்று பத்து நொடியில் முடிந்துபோகும். மீன் வந்த பிறகுதான் அது அரை மணி நேரமாக நீண்டது. மீன் இல்லையென்றால் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

"அத்தா, சொல்ல மறந்துட்டேன். லீவு கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமை வாரேன். வந்ததும் மொதல்ல அவன் மூஞ்சியத்தான் பாக்கணும்."

"வா... வாலே," என்றார். தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்த போனை அவசரமாகத் தன் பக்கம் திருப்பினார்.

அரை மணி நேரத்தில் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இசக்கிமுருகனின் வளர்ப்பு மீன் கடையில் நின்றார். இசக்கிமுருகன் தௌசிப்போடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். மீனை விற்றதும் அவன்தான்.

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும்ப்பா. அதே மஞ்சத் தலை, அதே நீளம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"ஏன் பாய், இருக்கிற மீனுக்கு என்ன?"

ஹுமாயூன் கடையில் வேறு ஆள் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்.

"செத்து நாப்பது நாளாச்சு இசக்கி. அன்னைக்கு கேன் தண்ணிக்காரன் வரல. நம்ம வீட்டு போர்த் தண்ணிதான் வாயில வைக்க முடியாத உப்பாச்சே, கடல் மீனுக்கு இதவிட வேற என்ன வேணும்னு ரெண்டு குடத்தை ஊத்திட்டேன். மறுநாள் பாக்கேன், மிதக்கு."

"அய்யய்யோ! கடல் உப்பு வேற, நம்ம ஊரு உப்பு வேறல்லா பாய்."

"இப்பம் தெரியுது. அவன்கிட்ட சொல்ல வாய் வரலப்பா. குழிக்குள்ள இருக்கான், இப்பதான் வந்துட்டுப் போனான்னு சொல்லியே நாளைக் கடத்திட்டேன். சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு தினம் நானே கையை விட்டு சிப்பிய மாத்தி அடுக்குதேன், இறாலையும் வாங்கி நானே குழம்பு வச்சுத் திங்கேன். அவன் வந்து பாத்தா, மீன் போனது மட்டுமா? எங்க பேச்சே நின்னுரும்." அவர் கண் கலங்கிவிட்டது.

இசக்கிமுருகன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் காற்றடைத்த பாலித்தீன் பை. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மஞ்சள் தலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிப்பா தயாரா வச்சிருக்க?"

"தௌசிப் பத்து நாளைக்கு முன்னாலயே சொல்லி மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சது. நீங்க தேடி வருவீங்க, வந்தா குடுன்னான்."

"அப்பம்... அவனுக்குத் தெரியுமா?"

"நீங்க சிப்பிய அடுக்குன மொத நாளே தெரியும் பாய். பெருசு, அதுக்கு அடுத்தது, அதுக்கும் அடுத்ததுன்னு அளவு பாத்து அடுக்க எந்த மீனுக்குத் தெரியும், அது எங்கத்தா பாத்திரக்கடை அடுக்குல்லான்னு அன்னைக்கே எனக்குப் போன் போட்டான்."

ஹுமாயூன் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா, நாப்பது நாளா தினம் அந்த இறாலைப் பத்தியே கேட்டான்?"

"அம்மா போனதுக்கப்புறம், 'அத்தா, நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு வேற எப்படிக் கேக்கன்னு அவனுக்குத் தெரியல பாய்."