நாலு காபி

இனிமேல் பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்கும் உண்டு என்று டிவிக்காரி சொன்னதும், மிசுக் அக்காவின் சீப்பு என் பாதித் தலையில் நின்றது.

மாதாமாதம் கொரிய அரசாங்கம் போடும் குழந்தைப் பணம். ஒரு லட்சம் வோன். பால்பவுடரும் டயப்பரும் வாங்கினால் மிச்சமிருக்காது. இதுவரை சம்பளத்தைத் துருவிப் பார்த்து, மேல்தட்டு வீடுகளைச் சலித்து ஒதுக்கியிருந்தார்கள். இனி சல்லடை கிடையாதாம்.

பார்லரில் நாங்கள் மூன்று பேரும் ஒரே தலையைப் பார்த்தோம்.

அந்தத் தலை முழுக்கச் சுருள் குச்சிகள். மேலே பிளாஸ்டிக் தொப்பி. சிஹோ அம்மா. நாற்சந்தியில் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டரின் மனைவி.

"கோவிச்சுக்காதீங்க சிஹோ அம்மா," என்றாள் பக்கத்து நாற்காலி தான்பி அம்மா. கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். "பளிங்குத் தரையில தவழ்ற பிள்ளைக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?"

"குழந்தைன்னா எல்லாம் குழந்தைதானே."

அவ்வளவு மெல்லச் சொன்னாள். நாங்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்தோம்.

"ஆனா உங்க வீட்டுக்காரர் தங்கம்," என்றேன் நான். போன வாரம் லிஃப்டில் இந்தப் பேச்சு வந்தபோது டாக்டர் சொன்னாரே: 'நமக்கு அது வேண்டாம். இல்லாதவங்களுக்குப் போகட்டும்.' குழைந்த குரல், குனிந்த தலை. மறுநாளைக்குள் அந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு மாடிக்கும் கொண்டு சேர்த்தது வேறு யார்?

அதுமட்டுமா, மனைவி மேல் அப்படியொரு பிரியம். கீழ்க்கடையில் அவள் ஒரு முள்ளங்கி வாங்கினால் போதும், பில் கிழிவதற்குள் போன் அடிக்கும். என் வீட்டுக்காரர் நான் இரண்டு நாள் காணாமல் போனால்தான் ரிமோட்டைக் கேட்க போன் செய்வார். நாங்கள் அவளுக்கு 'தேனிலவு' என்று பெயர் வைத்திருந்தோம்.

"வேண்டாம்னு சொன்னாலும் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்தான்," என்றாள் தான்பி அம்மா. "விருந்து வைங்க. ஆளுக்கொரு காபியாச்சும்."

எங்கள் ஊரில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. நல்லது நடந்தவர்கள்தான் வாங்கித் தர வேண்டும். மறுத்தால் அடுத்த வருடம் வரைக்கும் பேசுவோம்.

சிஹோ அம்மா ஏனோ வெளுத்துப்போனாள். "இன்னொரு நாள்…" என்று இழுத்தாள். கையில் முடி சுருட்டும் கூலி கொடுப்பதற்கான கார்டு இருந்தது. வந்ததிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள்.

நான்தான் அதை வெடுக்கென்று உருவிக்கொண்டு ஓடினேன்.

கீழே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் எங்களுக்கு ஐஸ் காபிதான். நாலு. கார்டைத் தேய்த்து, அட்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு மாடியேறினேன்.

கதவைத் திறக்கும்போதே கல்லாவின் மேல் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்கடி தேனிலவை!"

அவள் எழுந்திருப்பதற்குள், எல்லோரும் கேட்கட்டுமென்று நானே ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"நாலு காபி," என்றது டாக்டரின் குரல். அதே குழைவு. "யாருக்கு?"

தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.

"பக்கத்துல இருக்கறவங்களுக்குங்க," என்றாள் சிஹோ அம்மா. எழுந்து நின்று சொன்னாள். போனுக்கு எதற்கு எழுந்து நிற்க வேண்டும்?

"முடிக்கு மட்டும்னுதானே கேட்டுட்டுப் போன?"

"ஆமாங்க."

கார்டு அவர் பெயரில். அதைத் தேய்த்தால் செய்தி அவர் போனுக்குப் போகும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் போகிறது. எங்கள் ஆட்கள் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

"டிவியில அந்தப் பணத்தப் பத்தித்தானே ஓடுது? கேக்குது," என்றார் டாக்டர். "நமக்கு அது வேண்டாம். இல்லாதவங்களுக்குப் போகட்டும். சரியா?"

"சரிங்க."

டிவியில் ஒரு பேராசிரியர், வசதியுள்ளவர்களுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். தான்பி அம்மா எட்டிப் பார்த்து டிவியை அணைத்தாள்.

யாரும் காபியைத் தொடவில்லை.

நான் சத்தமில்லாமல் மறுபடி கீழே இறங்கினேன். காபிக் கடைக்காரியிடம் கெஞ்சி, அந்த பில்லை ரத்து செய்யவைத்து, என் பணத்தைக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த மிதப்போடு மேலே வந்தேன்.

சிஹோ அம்மா தலை கழுவும் தொட்டியில் மல்லாந்திருந்தாள். மிசுக் அக்கா குச்சிகளைக் கழற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மூடிய கண்களின் ஓரத்திலும் தண்ணீர். எல்லாம் குழாய்த் தண்ணீர்தானா, தெரியவில்லை.

"அக்கா," என்றாள் சிஹோ அம்மா, கண்ணைத் திறக்காமல். "அந்தப் பணத்தப் பிள்ளையோட அம்மா பேர்ல கேட்டாலும் தருவாங்களா? அம்மா கணக்குல போட்டா… செய்தி அம்மாவுக்கு மட்டும்தானே வரும்?"

மிசுக் அக்கா தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

"தருவாங்க, நானே கூட வரேன்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

கல்லாவின் மேல் போன் அடித்தது.

ரத்து செய்தாலும் செய்தி போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தொட்டியில் கிடந்தவள் கண்ணைத் திறந்துவிட்டாள். தலை தூக்க முடியாமல், விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்போ யாரும் எதுவும் வாங்கலையே, அக்கா?"