வடக்குக் கம்பத்து வேப்பிலை

"எவன்லே இதைக் கட்டுனது?"

வீரபாகு மாஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து உப்பளத்துக் காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தது.

வடக்குப் பக்கத்து கோல் கம்பத்தில் ஒரு கொத்து வேப்பிலை. பனைநாரில் இறுக்கிக் கட்டி, மஞ்சத்தண்ணியும் தெளித்திருந்தது. இன்றோடு மூன்று நாள். மனுஷனும் தினம் பிய்த்து எறிகிறார். மறுநாள் நாலு மணிக்குப் பயிற்சிக்கு வந்தால், வாடாத புதுக் கொத்து அதே இடத்தில் தொங்குகிறது.

பையன்கள் வெறுங்காலோடு கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"அம்மன் மைதானத்துக்கே வந்துட்டா சார்."

அம்மனைக் கும்பிடாத ரோச்கூட நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"அம்மனாவது ஆத்தாளாவது! இறங்குங்கலே உள்ள!"

மாஸ்டர் கொத்தைப் பிய்த்துப் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார். அந்தக் கல்லூரியிலேயே பூட்ஸ் மாட்டுகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

கோல்கீப்பர் பால்துரை மட்டும் தலையைக் குனிந்துகொண்டே போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றான்.

தூத்துக்குடியில் அந்த வருஷம் பெரியம்மை. கூட்டம் கூட வேண்டாம் என்று தமுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் உலகச் சண்டையால் நாலு வருஷம் நின்றுபோயிருந்த கால்பந்துப் பந்தயம் இந்த வருஷம்தான் திரும்ப வருகிறது. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க துறைமுக ஆபீஸ் துரை வருகிறார், நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு வேலை நிச்சயம். பிரின்ஸ்பால், "நடத்தலாமா வேண்டாமா, நீங்களே சொல்லும்" என்று மாஸ்டர் தலையில் போட்டுவிட்டார்.

மாஸ்டர் போன வாரமே பையன்களைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்.

"எவன் வீட்டுல என்ன வந்தாலும் சரி, சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தன் வீட்டு வாசல்லயும் ஒரு இலை தொங்கக் கூடாது. தொங்குச்சு, நம்மளை ஆட விட மாட்டாங்க."

ஏனென்றால் வேப்பிலை கட்டின வீட்டுக்காரன், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தெருவில் இறங்கக் கூடாது. அது ஊர்க் கட்டு.

மைதானத்துக்குக் கோடு போடுகிற மாடக்கண்ணுவைப் பிடித்து உலுக்கினார் மாஸ்டர்.

"உம்ம வேலைதானவே இது?"

"ஐயோ, நானில்ல ஐயா! உச்சி வேளையில நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். நேத்து தூரத்துலேர்ந்து பாத்தேன். மஞ்சச் சேலை, ஈரத் தலைமுடி. உப்பளத்துக் கானலுக்குள்ளேர்ந்து நடந்து வருது. கால் தரையில படல ஐயா!"

"ஓய், சும்மா கெடயும்!"

சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தூக்கம் வந்ததா என்றால், வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் மைதானத்தைச் சமன்படுத்துகிற உருளை கிடக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஈ காக்கை கிடையாது. உப்பு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கடல் சத்தம்கூட அன்றைக்கு ஏனோ கேட்கவில்லை.

வந்தது.

மஞ்சச் சேலை. விரித்த ஈரத் தலை. கையில் வேப்பிலை. மாடக்கண்ணு சொன்னது மாதிரியே, காலைக் காணோம்!

அம்மனாவது ஆத்தாளாவது என்ற மனுஷன், 'தாயே, தாயே' என்று உள்ளுக்குள் முனகினார். அது நேரே வடக்குக் கம்பத்துக்குப் போய், எக்கி நின்று கட்டியது. எக்கியபோது நார் நழுவிக் கீழே விழுந்தது. "ச்சே" என்று அலுத்துக்கொண்டது.

சாமி அலுத்துக்கொள்ளுமா? மாஸ்டருக்கு உயிர் வந்தது.

"ஏளா! நில்லு!"

அது திரும்பியது. சண்முகத்தாய். பால்துரையின் அம்மா. உப்பளத்தில் உப்பு வாரிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள். முழங்கால் வரைக்கும் உப்பு அப்பியிருந்தது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கால் எங்கே தெரியும்?

"நீயா? நாளைக்கு வேலை கிடைக்கப்போறதே உன் பிள்ளைக்குத்தான். அவன் பிழைப்புல நீயே மண்ணள்ளிப் போடுதியே, உனக்கென்ன கிறுக்கா?"

"தெரியும்யா. துறைமுகத்துல வேலைன்னா நான் இந்த உப்புலேர்ந்து கரையேறிருவேன். அதுவும் தெரியும்." "சின்னவளுக்கு முத்து போட்டிருக்குய்யா. இன்னைக்கு நாலு நாள். அண்ணன் மடியை விட்டு இறங்க மாட்டேங்கா. அவளைத் தூக்கி வச்சிருந்த கையாலதான் இவன் பந்து பிடிக்கான். அதே பந்தை மத்தப் பிள்ளைகளும் தொடுதாவ. அவுகளைப் பெத்தவளும் என்னை மாதிரிதானய்யா?"

மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நேற்று அந்தப் பந்தை அவரும்தான் கையில் பிடித்தார்.

"அப்போ உன் வீட்டு வாசல்ல கட்டியிருக்கலாம்லா? யாராவது பாத்து அவனை நிறுத்தியிருப்பாங்கள்ல? இங்க வந்து ஊரையே பயங்காட்டணுமா?"

"கட்டினேன்யா. அவன் பிச்சு எறிஞ்சுட்டான். 'ஒருத்தன் வீட்டு வாசல்லயும் ஒரு இலை தொங்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரும்மா'ன்னான். உங்க வார்த்தையை மீறலாமா? அதான் வீட்டு வாசலை விட்டுட்டு, அவன் நிக்குத வாசல்ல கட்டினேன்."

அன்று நாலு மணிக்குப் பையன்கள் வந்து பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பினார்கள். இப்போது இரண்டு பக்கத்துக் கம்பத்திலும் வேப்பிலை.

வடக்கே பனைநாரில் கட்டியிருந்தது. தெற்கே, பூட்ஸ் கயிற்றில்.