தங்கச்சியின் மடி

இந்துவின் மார்பில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது குழந்தை. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா சுனிதா கிலுகிலுப்பையை ஆட்டினாள். அது திரும்பவில்லை. இந்துவின் தாலிச் சங்கிலியைப் பிடித்தபடி, வாயை எடுத்து அவளைப் பார்த்துச் சிரித்தது. தன்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று சுனிதாவுக்குத் தோன்றியது.

"போதும், இறக்கு. எப்பப் பாரு உன் மடியிலயே."

"பசி ஆறட்டும்க்கா."

ஊரிகம் சுரங்க லைனில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த எல்லம்மா, கறிவேப்பிலை கேட்டு வந்தவள், சுனிதாவின் பார்வையைக் கவனித்தாள். சட்டென்று இந்துவின் முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள்.

"பால் குடிக்கிற கொயந்தைய அப்டிப் பாக்காதம்மா. புள்ள இல்லாதவங்க கண்ணு பொல்லாதது."

"இது எங்க அக்காவோட கொயந்தைம்மா," என்றாள் இந்து. "என்னுது தூளியில தூங்குது."

எல்லம்மா விழித்தாள்.

"எங்கம்மா மார்ல கேன்சர் வந்து செத்தாங்க," என்றாள் சுனிதா. "எங்க ரெண்டு பேருக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு டெஸ்ட்ல தெரிஞ்சுது. நான் பயந்துபோய் கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டையும் எடுத்துட்டேன். இவ, புள்ள பெத்துட்டு எடுத்துக்கலாம்னு இருந்துட்டா. இப்ப இவளப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

"எனக்கும்தான் உன்னப் பாத்தா எரியுது," என்றாள் இந்து.

"உனக்கு இன்னாடி?"

இந்து குழந்தையை அக்காவின் மடியில் கிடத்திவிட்டு ரவிக்கையைச் சரிசெய்தாள்.

"நீ குளிக்கப் போனா குளிச்சிட்டு வந்துடுற. நான் கட்டி இருக்குதான்னு தடவிப் பாத்துட்டு வரேன்."