நாலாவது விரல்

"ஏட்டி ஆஸ்லின், மூணு விரல் போதுங்கிற இடத்துல நாலு விரலை எதுக்கு வைக்குத?"

பாட்டு ஒத்திகையில் நேசம்மாள் இதைக் கேட்பது மூன்றாவது முறை. பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறி வந்து சபையில் கீபோர்டு வாசிக்கிற ஆஸ்லினும் மூன்றாவது முறையாக, "சும்மாதான் ஆன்ட்டி" என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் விரல்களைப் பார்த்தே பழகிய கண் நேசம்மாளுக்கு. முன்பு வாசித்த கிங்ஸ்டன் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரலால் ச, க, ப மூன்றையும் அமுக்கித்தான் பாட்டை முடிப்பான். இவளோ கடைசி அடியில் ஆள்காட்டி விரலையும் நைசாக இறக்கி, நடுவில் ஒரு ‘ரி’யைச் சேர்த்துவிடுகிறாள்.

விடிந்தால் சபையில் அசன விருந்து. ஊரே சாப்பிட வரும். அதில் இருபது வருஷமாக நேசம்மாள் தனியாகப் பாடுகிற பாட்டு இது. நேற்று வந்த பிள்ளை அதைக் கெடுத்துவிட்டால்?

நேசம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டாள். கடைசியில் போதகர் எபநேசரிடம் போய், இவள் ஸ்டைல் காட்டுகிறாள், வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லியேவிட்டாள்.

போதகர் வந்து கீபோர்டு பக்கத்தில் நின்றார். மூன்று விரலிலேயே வாசிக்கச் சொன்னார்.

ஆஸ்லின் தயங்கினாள். "நாளைக்கு ஒருநாள் மட்டும் இப்படியே இருக்கட்டுமே ஐயா."

"பாத்தியளா, எவ்வளவு திமிருன்னு" என்றாள் நேசம்மாள்.

பாட்டு தொடங்கியது. கடைசி அடியில் மூன்றே விரல்கள் இறங்கின.

நேசம்மாளின் குரல், பாட்டு முடிய வேண்டிய ‘ச’வுக்கு இறங்கவில்லை. ஒரு படி மேலே, ‘ரி’யிலேயே, எதோடும் ஒட்டாமல் தனியாக நின்றது.

பாட்டுக்குழுவில் யாரும் தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை பாடிப் பார்த்தாள். அதே படியில்தான் நின்றது.

போதகர் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆஸ்லின் முந்திக்கொண்டாள். "என் தப்புதான் ஐயா. கை வழுக்கிட்டு."

நேசம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படிப் பாடுதேன்?"

ஆஸ்லின் கட்டைகளையே பார்த்துக்கொண்டு, "ஈஸ்டர்லருந்து ஆன்ட்டி" என்றாள்.

நேசம்மாள் குனிந்து, அவளுடைய ஆள்காட்டி விரலைத் தானே எடுத்து ‘ரி’யின் மேல் வைத்தாள்.